பின் சஸ்பென்ஷன் நீள போல்ட் கழல மாட்டேன் என்கிறது

நண்பர்களே, வண்டி 1994 மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.8 லிட்டர். சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ் எல்லாம் மாற்றலாம் என்று மூன்று வாரத்துக்கு முன் பின்பக்கத்தைப் பிரித்தேன். வலது பக்கம் ஒரே நாளில் கையோடு வந்துவிட்டது. இடது பக்கத்தில், வீல் ஹப் தாங்கியையும் கீழ் ஆர்மையும் கோர்க்கும் அந்த நீள போல்ட்தான் வம்பு.

நட் கழன்றுவிட்டது. போல்ட் தலையை ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் கால் சுற்று போகிறது, விட்டதும் ரப்பர் முறுக்கு அவிழ்ந்து பழைய இடத்துக்கே திரும்புகிறது. புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழாயோடு துருவேறிப் பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன்.

துரு இளக்கும் எண்ணெய் நான்கு இரவு ஊற்றினேன். கேஸ் டார்ச்சில் சூடு காட்டியதில் ரப்பர் புகைந்து நாறியதுதான் மிச்சம். நட்டை முனையில் திரும்ப ஏற்றி, மரை கெடாமல் சுத்தியலால் அடித்தேன், மில்லிமீட்டர்கூட நகரவில்லை. இம்பாக்ட் ரெஞ்சும் அப்படியே. கேம்பர் (சக்கரச் சாய்வு) சரிசெய்யும் போல்ட்களைத் தொடவில்லை, பெயின்ட்டில் குறி மட்டும் போட்டிருக்கிறேன்.

புது போல்ட்டும் புஷ்களும் கையில் இருப்பதால் பழையது போனாலும் கவலையில்லை. ஆர்முக்கும் புஷ்ஷுக்கும் நடுவே உள்ள இடுக்கில் பிளேடு விட்டு போல்ட்டை இரண்டு பக்கமும் அறுத்துவிட்டால், ஆர்மில் கீறல் விழாமல் வெளியே எடுக்க முடியுமா?