செம்பருந்துக் குஞ்சுக்கு எவ்வளவு தீனி? வீட்டில் ஒரே சண்டை

கெடிலக்கரை:
கடலூர் முதுநகரில் எங்கள் கொல்லைத் தென்னையில் நேற்று மட்டை கழித்தார்கள். கூட்டோடு ஒரு செம்பருந்துக் குஞ்சு கீழே வந்துவிட்டது. அடி படவில்லை. வனத்துறைக்குச் சொல்லியாயிற்று, மாலையில் ஆள் வருவார். அதுவரை அட்டைப் பெட்டியில் இருட்டாக வை, எதுவும் ஊட்டாதே என்றார்கள். முப்பது வருஷம் கடலுக்குப் போன என் மாமா, "குஞ்சுதானே, ஒரு நாளைக்கு ரெண்டு நெத்திலி போதும். பெரிசுக்குத்தான் கால் கிலோ வேணும்" என்கிறார். வளர்கிற உடம்புக்குத்தான் அதிகம் வேண்டும் என்பது என் கட்சி. யார் சொல்வது சரி?

துறைமுகத்தான்:
மாமா சொல்வதுதான். வலை இழுக்கிறவனுக்குப் பசிக்கும், தூளியில் கிடக்கிற பிள்ளைக்கு என்ன பசி? ஏலம் போடுகிற இடத்தில் தினமும் பார்க்கிறேன். காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வந்து, தூக்கிப் போட்ட குடலைத் தண்ணீரில் விழுமுன் அள்ளி, பறந்துகொண்டே காலில் பிடித்ததைக் குனிந்து தின்கிறது. அவ்வளவு உழைப்புக்குத் தீனி வேண்டாமா?

கூகைக்கண்:
புதுச்சேரியிலிருந்து. அண்ணே, அது இறக்கை அடிப்பதை ஒருநாள் எண்ணிப் பாருங்கள். ஒன்பது மணிக்கு மேல் தரை சூடாகிக் காற்று மேலே எழும்பியதும் விரித்த இறக்கையோடு சும்மா மிதக்கும். அடித்துப் பறப்பதுதான் செலவு. மிதப்பது ரொம்ப மலிவு.

தோராயக் கணக்கு சொல்கிறேன். அரைக் கிலோ பறவை அசையாமல் உட்கார்ந்திருந்தாலே நாளைக்கு 45 முதல் 50 கிலோ கலோரி எரியும். பறப்பது, தேடுவது எல்லாம் சேர்த்தால் அதுபோல இரண்டு மூன்று மடங்கு. கொழுப்பில்லாத மீன் 100 கிராமுக்குச் சுமார் 100 கிலோ கலோரி என்று வையுங்கள். செரிக்காத முள்ளையும் செதிலையும் கழித்தால், பெரிசுக்கு 200 கிராமுக்குள் அடங்கிவிடும். மாமாவின் கால் கிலோ கொஞ்சம் தாராளம்.

குஞ்சு விஷயத்தில் வயது சொல்லாமல் சண்டை போட்டுப் பயனில்லை. பொரித்த முதல் சில நாள் மாமா ஜெயிப்பார், ஊட்டுவதே துணுக்கு துணுக்காகத்தான். அப்புறம் எலும்பு, சதை, இறகு மூன்றும் ஒரே நேரத்தில் வளரும்போது எடைக்கு எடை பார்த்தால் குஞ்சுதான் முன்னே. கூகைக் குஞ்சு ஒரு கட்டத்தில் தாயைவிடக் கனமாகிவிடும். இறகு முற்றிப் பறக்கிற நேரத்தில்தான் அந்த எடை இறங்கும். தம்பி, உங்கள் குஞ்சுக்கு இறகு முளைத்துவிட்டதா?

கெடிலக்கரை:
உடம்பெல்லாம் பஞ்சு. இறக்கையில் மட்டும் பழுப்பு இறகு, நுனியில் தூரிகை மாதிரி விரிந்திருக்கிறது. அடியில் இறகு இன்னும் குழாய் மாதிரி உறைக்குள்தான்.

கூகைக்கண்:
அப்படியானால் பசி அதிகமான காலம்தான். ரெண்டு நெத்திலி வாய்க்கே காணாது.

துறைமுகத்தான்:
இரு இரு. கூகை ராத்திரியில் எலி பிடிக்கிறது, செம்பருந்து பகலில் மீன் பொறுக்குகிறது. அதன் கதையை இதில் ஏன் ஒட்டுகிறாய்?

கூகைக்கண்:
நியாயம். செம்பருந்துக் குஞ்சும் தாயை மிஞ்சும் என்று நான் சொல்லவில்லை. வளர்ச்சிக்குத் தனியாகத் தீனி வேண்டும் என்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

மாடித்தோட்டம்:
நடுவில் வருகிறேன். கடையில் விற்கிற எலும்பில்லாத கோழிக்கறியைக் கொஞ்சம் கொடுத்தால் என்ன? பாவம், பசியோடு இருக்கிறதே.

கூகைக்கண்:
வேண்டாம் அக்கா. வெறும் சதையில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அதையே ஊட்டி வளர்த்தால் கால் எலும்பு வளைந்துவிடும். கூட்டில் தாய் முள்ளும் தலையுமாகத்தான் கொடுக்கிறது. பாலும் சோறும் கூடவே கூடாது. குளிர்ந்து, நீர் வற்றிக் கிடக்கிற குஞ்சுக்குத் தீனி செரிக்காது, உள்ளேயே கெட்டுப்போகும். ஊட்டாதே என்று சொன்னது அதனால்தான். வீட்டில் வைத்து வளர்ப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட.

துறைமுகத்தான்:
சரி, குஞ்சை விடு. எனக்குத் தெரிந்து அதிகம் பட்டினி கிடப்பது குஞ்சும் இல்லை, பெரிசும் இல்லை. புதிதாகப் பறக்கிற பழுப்புக் குட்டிதான். வெள்ளைத் தலை வராததால் ஆட்கள் அதைக் கள்ளப்பருந்து என்பார்கள். பெரிசைக் கண்டால் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் இதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பாய்ந்து பாய்ந்து தவறவிடும், பிடித்ததையும் காக்காயிடம் பறிகொடுக்கும். அதுவும் ஏப்ரல் 15-இலிருந்து 61 நாள் மீன்பிடித் தடையில் விசைப்படகு நிற்கிற நேரத்தில் அது படுகிற பாடு! ஃபைபர் படகுக்குத் தடை இல்லைதான், ஆனால் அதில் கழிவு எவ்வளவு விழும்?

கூகைக்கண்:
இதை ஒப்புக்கொள்கிறேன் அண்ணே. பல வேட்டைப் பறவைகளில் பாதிக்கு மேல் முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. இங்கே அவை கூடு கட்டுவது டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை. ஊட்டல் நின்று தானே தேடவேண்டிய நேரமும் தடைக்காலமும் ஒன்றாக வந்து விழுகின்றன. ஆனால் அது தீனி கிடைக்காத கதை. தம்பி கேட்டது எவ்வளவு தேவை என்று.

துறைமுகத்தான்:
தேவையாம். கிடைத்தால்தானே தேவை.

கெடிலக்கரை:
மாலை நிலவரம். வனத்துறை ஆள் வந்து பார்த்துவிட்டு, மூங்கில் கூடையில் ஓலை பரப்பிக் குஞ்சை வைத்து அதே மரத்தில் கட்டச் சொன்னார். நாங்கள் திண்ணையில் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தோம். ஐந்தரைக்குத் தாய் வந்தது. கூடை விளிம்பில் நின்று மீனைக் கிழித்துக் கிழித்து ஊட்டியது. குஞ்சின் கழுத்தடியில் தீனிப்பை எலுமிச்சை மாதிரி புடைக்கும்வரை விடவில்லை. மீன் என் உள்ளங்கை நீளம். மாமா ஒன்றும் பேசவில்லை, எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

துறைமுகத்தான்:
என்ன மீன்? கிழங்கானா, காரப்பொடியா? படம் இருந்தால் போடு தம்பி.