எது அதிகம் பரவுகிறது என்று பார்த்து ஆராதனைப் பாட்டைத் தேர்ந்தெடுக்கலாமா?

கிடார் தம்பி கேட்டது:

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

11 ஆண்டுகளாகச் சபையில் ஆராதனை நடத்துகிறேன். சென்ற ஆண்டு நாங்கள் பாடிப் பதிவேற்றிய ஒரு பாட்டு யாரும் எதிர்பாராத அளவுக்குப் பரவியது. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, நானும் நாளுக்கு நாலு முறை எண்ணிக்கையைத் திறந்து பார்த்தேன். அதன்பின் ஒவ்வொன்றாக மாறத் தொடங்கியது. முன்பெல்லாம் அந்த வாரப் பிரசங்கத்தின் வேதபகுதியை வாசித்து, ஜெபித்துப் பாட்டுகளைத் தேர்ந்தெடுப்போம். இப்போது குழுவில் எழும் முதல் கேள்வி, "எந்தப் பாட்டை அதிகம் பேர் பார்க்கிறார்கள்?" என்பதுதான். டி மேஜர் சுருதியில் பாடிவந்த பாட்டுகளை என் குரல் எடுப்பாக ஒலிக்க வேண்டும் என்று எஃப் மேஜருக்கு ஏற்றினோம். மேடையில் வெளிச்சம் கூடியது, சபை இருக்கும் பகுதி இருட்டானது.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் சபைப் பெரியவர் ஒருவர் தம் மனைவியை அடக்கம் செய்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அந்த ஞாயிறு ஒளிப்பதிவு என்று முன்பே முடிவாகியிருந்ததால் வேகமான பாட்டுகளாகவே நான்கு பாடினோம். மூன்றாவது பாட்டின் நடுவில் கண்ணைத் திறந்தேன். என் பார்வை முதலில் போனது கேமராவின் சிவப்பு விளக்கின் மேல். அதற்குப் பிறகுதான் அவரைப் பார்த்தேன். சுற்றிலும் எல்லாரும் கைதட்டிக்கொண்டிருக்க, வரிகள் ஓடும் திரையை அண்ணாந்து பார்த்தபடி வாய் திறக்காமல் நின்றுகொண்டிருந்தார். ஆராதனை முடிந்ததும் வாசலில் என் கையைப் பிடித்து, "தம்பி, இன்றைக்கு எனக்குப் பாட ஒரு பாட்டும் கிடைக்கவில்லை" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். அன்று இரவு எனக்கு உறக்கமே இல்லை.

இந்த ஊழியத்தை விட்டு ஒதுங்கிவிடலாமா என்று தோன்றுகிறது. நான் பாடுவது கர்த்தருக்கா, அந்தச் சிவப்பு விளக்குக்கா என்று எனக்கே தெரியவில்லை. இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பாமாலை:

தம்பி, ஒதுங்க வேண்டாம். இந்தக் கேள்வி உங்களுக்கு மட்டும் வந்தது என்றும் நினைக்க வேண்டாம். ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன் சபைப் பிதாவான அகஸ்டின் இதையே எழுதியிருக்கிறார். 'அறிக்கைகள்' நூலின் பத்தாம் பகுதியில், பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் என்னை அதிகம் அசைத்துவிட்டால் நான் பாவம் செய்ததாகவே அறிக்கையிடுகிறேன், அப்போது அந்தப் பாட்டைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது என்கிறார். ஆனாலும் பாட்டே வேண்டாம் என்று அவர் முடிவு கட்டவில்லை. விசுவாசத்துக்குத் திரும்பிய நாட்களில் சபையின் பாட்டைக் கேட்டுத் தாம் சிந்திய கண்ணீரை நினைத்துப் பார்க்கிறார். சபையில் பாடுவது நல்லது என்ற பக்கமே சாய்கிறார். அவருக்கே அந்த இழுபறி தீரவில்லை. உங்களுக்கும் எனக்கும் ஒரே நாளில் தீர்ந்துவிடாது.

நான் 30 ஆண்டுகளுக்கு மேல் பாடகர் குழு நடத்தியவன், அதனால் சுருதியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். டி மேஜரில் மேல் டி வரை ஏறுகிற பாட்டு, எஃப் மேஜரில் மேல் எஃப் வரை போகும். பயிற்சி இல்லாத தொண்டைக்கு அது எட்டாது. பெண்களில் சிலர் கத்திப் பார்ப்பார்கள், ஆண்கள் கீழே இறங்கி முணுமுணுப்பார்கள், இரண்டாம் சரணத்தில் இரு சாராரும் நிறுத்திவிட்டு உங்களை வேடிக்கை பார்ப்பார்கள். "நான் ஆவியோடும் பாடுவேன், கருத்தோடும் பாடுவேன்" என்று பவுல் எழுதியது ஒரு முழுச் சபைக்கு. அந்தச் சபையின் வாயை அடைத்துவிட்டு நீங்கள் எவ்வளவு உருக்கமாகப் பாடினாலும் அது சபையின் ஆராதனை ஆகாது. சுருதியை இறக்குங்கள். உங்கள் குரல் சற்று மங்கித் தெரியும், தெரியட்டும்.

ஃபேனி கிராஸ்பி அம்மையாரை (1820–1915) அறிந்திருப்பீர்கள். பார்வையற்றவர், 8,000க்கும் மேற்பட்ட பாடல்களை எழுதியவர். ஒரே புத்தகத்தில் ஒரே பெயர் நிறைந்திருப்பதைப் பதிப்பாளர்கள் விரும்பாததால் ஏறக்குறைய 200 புனைபெயர்களில் அவற்றில் பல வெளிவந்தன. தம் பாட்டை வேறு யாரோ எழுதியதாக நினைத்து ஜனங்கள் பாடியதைப் பற்றி அவர் கவலைப்பட்டுக்கொண்டிருக்கவில்லை. ஏழைகளுக்கும் குடிக்கு அடிமையானவர்களுக்கும் நடந்த மீட்பு இல்லங்களுக்குப் போய் அவர்களோடு உட்கார்ந்திருந்தார். பாட்டு எழுதுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் இதைச் சொல்வேன்.

ஒலிப்பலகை:

நான் பாடுகிறவன் அல்லன், மிக்ஸருக்குப் பின்னால் நிற்கிறவன். எங்கள் சபையில் நேரலைக்காகச் சபையை நோக்கி இரண்டு மைக் வைத்திருக்கிறோம். அவற்றின் ஒலியைக் குறைத்துவிடும்படி எனக்குச் சொல்லியிருந்தார்கள். குழந்தை அழுகை, இருமல், சுருதி சேராத குரல் எல்லாம் பதிவைக் கெடுக்கிறதாம். ஒரு வாரம் ஏதோ உந்துதலில் அந்த இரண்டு மைக்கை மட்டும் தனியாகப் பதிவு செய்து, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டேன்.

முதல் பாட்டின் முதல் சரணத்தில் ஜனங்களின் குரல் தெளிவாக இருந்தது. பல்லவி இரண்டாம் முறை வரும்போது பாதியாகிவிட்டது. எங்கள் பாடகர் வரிகளை இழுத்து, வளைத்து, தம் இஷ்டத்துக்கு நிரவல் செய்யத் தொடங்கிய இடத்தில் சுத்தமாக நின்றுபோனது. அதன்பின் டிரம்மும் கைதட்டலும் மட்டுமே. வெளியே போன நேரலையில் அதே இடம்தான் மிக அழகாக ஒலித்தது! "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று" என்று ஆமோஸில் இருக்கிறதே, அது எனக்கு அன்றுதான் உறைத்தது. அந்தத் தீர்க்கதரிசி பேசியது நியாயம் செய்யாதவர்களின் பாட்டைப் பற்றி என்று தெரியும். இருந்தாலும் பக்கத்தில் இருப்பவன் துக்கத்தைக் காணாத பாட்டும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை.

உங்கள் சபையிலும் அப்படி ஒரு பதிவு எடுத்துக் கேளுங்கள், அண்ணா. எந்த எண்ணிக்கையும் சொல்லாததை அது சொல்லும்.

கட்டிலருகே:

எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் எழுதுகிறேன். என் அம்மா இரண்டு ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். சபைக்குப் போக முடியாது. இப்படிப் பரவிய பாட்டுகள்தான் அவருக்கு ஆராதனை. வலி கூடும் இரவுகளில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்வார். அதைப் பாடியவர்கள் பேர் வாங்கப் பாடினார்களா, பக்தியோடு பாடினார்களா என்று எனக்குத் தெரியாது. அம்மாவின் உதடு அசைவது மட்டும் தெரியும். பலர் கேட்பதாலேயே ஒரு பாட்டு பொய்யாகிவிடாது.

கீத் கிரீன் பெரிய புகழ் பெற்ற அமெரிக்கக் கிறிஸ்தவப் பாடகர்தான். ஆனாலும் 1979இல் இசை நிறுவனத்தின் ஒப்பந்தத்திலிருந்து விலகி வந்து, 1980இல் வெளிவந்த புதிய ஆல்பத்துக்கு அவரவரால் முடிந்ததைக் கொடுத்தால் போதும், ஒன்றும் இல்லாதவர்கள் சும்மாவே பெற்றுக்கொள்ளலாம் என்றார். 1982இல் விமான விபத்தில் இறந்தார். புகழைத் தூக்கி எறியவும் இல்லை, அதன் பின்னால் ஓடவும் இல்லை. ஆகவே, தம்பி, வீடியோவை நிறுத்திவிடாதீர்கள். பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கேமராவை நினைக்காதீர்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

சிறு சபைப் போதகர்:

சங்கீதம் 88ஐ அந்தப் பெரியவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவற்றில் கடைசியிலாவது ஒரு துதியோ நம்பிக்கையோ வரும். இதில் அதுவும் வராது, இருளிலேயே முடிகிறது. அப்படிப்பட்ட ஒன்றையும் ஆலயத்தில் பாடுவதற்காகக் கர்த்தர் வைத்திருக்கிறார்.

கிடார் தம்பி:

எல்லாருக்கும் நன்றி. கட்டிலருகே அக்கா, உங்கள் பதிலைக் குழுவில் அப்படியே வாசித்துக் காட்டினேன். வீடியோ தொடரும்.

செவ்வாய்க்கிழமை பெரியவர் வீட்டுக்குப் போனேன். சங்கீதத்தை வாசித்தோம். பாதியில் அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார், மீதியை நான் மட்டும் வாசித்தேன். உங்கள் வீட்டம்மா விரும்பிப் பாடும் பாட்டு எது என்று கேட்டதற்கு ஒரு பழைய கீர்த்தனையைச் சொன்னார். 11 ஆண்டுகளில் அதை நான் ஒரு முறைகூட எடுத்ததில்லை.

ஞாயிறன்று அதை கிடார் மட்டும் வைத்து டி மேஜரில் பாடினோம். முதல் சரணத்தில் அவர் பாடவில்லை, முன்னிருக்கையின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார். இரண்டாவதில் தொடங்கினார். தாளத்துக்கு அரை மாத்திரை பின்னால் வந்தது குரல். பக்கத்தில் இருந்தவர்கள் அவருக்காக மெதுவாக்கினார்கள், பிறகு முழுச் சபையும் மெதுவாக்கியது. என் காதில் இயர்போன் தாளம் மட்டும் தனியாக முன்னே ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றித் தோளில் போட்டுவிட்டு அவரைப் பார்த்தபடி வாசித்தேன்.

அடுத்த மாதத்துப் பாட்டுப் பட்டியலை உடனே அனுப்பும்படி குழுவில் கேட்டிருக்கிறார்கள். இன்னும் அனுப்பவில்லை. சில வாரங்களாக ஆராதனைக்கு வராத இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. முதலில் அவர்களைப் பார்த்துவிட்டு வருகிறேன்.