சிர்கோனியா: அதே செய்முறை, வேறு படிகம். எங்கே பிசகியது?

உதகை மாணவி:
வணக்கம். ஊட்டியில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். புராஜெக்டுக்கு டெட்ராகோனல் என்ற படிக வடிவில் சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்ஸைடு) வேண்டும். சிர்கோனைல் குளோரைடு கரைசலை அம்மோனியாவில் சொட்டுச் சொட்டாக விட்டு, பி.எச். 10இல் வீழ்படிவாக்கி, அதே கரைசலில் 24 மணி நேரம் சூட்டில் வைத்தேன். பிறகு கழுவி, 110 டிகிரியில் காயவைத்து, 600 டிகிரியில் 3 மணி நேரம் சுட்டேன். ஜூலையில் செய்தது அருமையாக வந்தது. எக்ஸ்ஆர்டியில் (படிக வடிவைக் காட்டும் எக்ஸ்கதிர்ச் சோதனை) 30.2 டிகிரி கோணத்தில் டெட்ராகோனல் பீக் பளிச்சென்று இருந்தது. செப்டம்பரில் அப்படியே திரும்பச் செய்தால் 28.2, 31.5 இரண்டும் உயர்ந்து நிற்கின்றன. பெரும்பகுதி மானோகிளினிக் என்ற வேறு படிக வடிவம். ஒவ்வொரு முறையும் பொடியைக் கோவைக்கு எடுத்துப்போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. சுடுகிற ஃபர்னஸ் சூட்டைப் பற்றிப் பொய் சொல்கிறதா?

கோவை ஆய்வாளர்:
ஃபர்னஸைச் சந்தேகப்பட நியாயம் இருக்கிறது. சாதாரண சூட்டில் சிர்கோனியாவுக்கு நிலையான வடிவம் மானோகிளினிக்தான். டெட்ராகோனல் வர 1170 டிகிரி தாண்ட வேண்டும், க்யூபிக் என்ற மூன்றாவது வடிவத்துக்கு 2370. உங்களுக்கு 600இலேயே டெட்ராகோனல் தங்கியதற்குக் காரணம் துகள் சிறியதாக இருப்பது. ஏறக்குறைய 30 நானோமீட்டருக்குள் இருந்தால் அது தாக்குப்பிடிக்கும், வளர்ந்தால் மாறிவிடும். சுட்ட பொடியைக் கல்வத்தில் அழுத்தி அரைத்தாலும் அந்த அழுத்தத்திலேயே மானோகிளினிக் ஆகும். அரைத்தீர்களா? குளோரைடு போகக் கழுவினீர்களா?

உதகை மாணவி:
அரைக்கவில்லை அண்ணா, ஸ்பாச்சுலாவால் உடைத்ததோடு சரி. வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்த்தேன், இரண்டு முறையும் கழுவிய நீர் கலங்கவில்லை, அதாவது குளோரைடு மிச்சமில்லை. ஜூலையில் காயவைத்த ஜெல் (இன்னும் சுடாத வீழ்படிவு) கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதையும் செப்டம்பர் ஜெல்லையும் ஒரே ஃபர்னஸில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுட்டேன். ஜூலை ஜெல் மறுபடி டெட்ராகோனல், மற்றது மானோகிளினிக்.

கோவை ஆய்வாளர்:
பிரமாதமான சோதனை. அப்படியானால் ஃபர்னஸ் தப்பித்தது. ஜெல்லிலேயே வித்தியாசம் இருக்கிறது.

குன்னூர்க்காரர்:
ஊட்டி 2,240 மீட்டர் உயரம். தண்ணீர் அங்கே 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். நீங்கள் செய்முறை எடுத்த கட்டுரையில் 100 டிகிரி என்று இருந்தால் அது உங்களுக்குக் கிடைக்காது.

உதகை மாணவி:
இரண்டு முறையும் தெர்மாமீட்டர் 92தான் காட்டியது. அதனால் அது இல்லை.

பழைய ஆய்வகக்காரர்:
ஏம்மா, 24 மணி நேரம் எந்தப் பாத்திரத்தில் வைத்தாய்?

உதகை மாணவி:
ஜூலையில் போரோசிலிகேட் கண்ணாடிக் குடுவை. ஆகஸ்டில் கழுவும்போது உடைந்துவிட்டது. செப்டம்பரில் டெஃப்லான் பாட்டில். சுத்தமாக இருக்குமே என்று வாங்கினேன்.

பழைய ஆய்வகக்காரர்:
அங்கேதான் இருக்கிறது விஷயம். சூடான அம்மோனியா கண்ணாடியை மெல்ல அரிக்கும். கரைந்த சிலிக்கா சிர்கோனியத் துகள்மேல் படியும். சுடும்போது துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வளர அது விடாது, டெட்ராகோனலும் பிழைக்கும். டெஃப்லானில் சிலிக்கா ஏது? ஒரே வீழ்படிவை இரண்டாகப் பிரித்து, ஒரே தண்ணீர்த் தொட்டியில் இரண்டு பாத்திரத்திலும் வைத்துப் பார். சிலிக்கான் எவ்வளவு என்று ஈடிஎக்ஸ் (தனிமங்களின் அளவைக் காட்டும் எக்ஸ்கதிர்ச் சோதனை) கேள். சிலிக்கா கலக்காமல் டெட்ராகோனல் வேண்டுமென்றால் 3 மோல் சதவீதம் இட்ரியா (இட்ரியம் ஆக்ஸைடு) சேர். ஆனால் அது வேறு பொருள், வினையூக்கி வேலைக்கு என்றால் முதலில் யோசித்துக்கொள்.

உதகை மாணவி:
பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பக்கத்து ஆய்வகத்தில் குடுவை இரவல் வாங்கிச் செய்தேன். கண்ணாடியில் வைத்தது டெட்ராகோனல், டெஃப்லானில் வைத்தது பழையபடி மானோகிளினிக் கலவை. குடுவையைக் கழுவிக் காயவைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கரைசல் நின்ற மட்டம் வரை உள்பக்கம் மங்கலாக இருந்தது, விரல் வைத்தால் லேசாகச் சொரசொரத்தது. அதற்கு மேலே பளபளப்பு. ஐயா, கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

எங்கள் வழிகாட்டி புராஜெக்ட் தலைப்பிலிருந்து 'தூய' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிவிட்டார். ஈடிஎக்ஸ் வந்ததும் சிலிக்கான் அளவை இங்கேயே போடுகிறேன்.