பழைய கோட்பேஸில் பக் (பிழை) தேடப் போனால் வழி தவறிவிடுகிறது, எங்கிருந்து தொடங்குவது?

புதுவரவு:
வேறொரு குழு எழுதிய புராஜெக்ட் கைக்கு வந்திருக்கிறது. நள்ளிரவு தாண்டிப் பதிவாகும் விற்பனை, தினசரி ரிப்போர்ட்டில் முந்தைய நாள் கணக்கில் விழுகிறது. பெயரில் தேதி என்று இருக்கும் ஃபங்ஷன்களை (கோடின் தனித்தனிப் பகுதிகளை) எல்லாம் திறந்து பார்த்தாயிற்று. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி, எதற்காக இந்த ஃபைலுக்கு வந்தேன் என்பதே மறந்துவிடுகிறது. அனுபவம் உள்ளவர்கள் எப்படித் தேடுகிறீர்கள்?

வரிக்குதிரை:
பெயரை விடுங்கள், தவறான மதிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள். முதலில் அப்படி ஒரு விற்பனையை டேட்டாபேஸில் பாருங்கள். அங்கே நேரம் சரியாக இருந்தால், பதிவு செய்யும் கோட் மொத்தத்தையும் மறந்துவிடலாம். அப்புறம் ரிப்போர்ட்டின் தலைப்பை அப்படியே கோட் முழுக்கத் தேடுங்கள். திரையில் வரும் வாசகங்கள் இருக்கும் மொழி ஃபைலில் ஒரு கீ (அந்த வாசகத்தின் அடையாளப் பெயர்) கிடைக்கும். அந்தக் கீயைத் தேடினால் ரிப்போர்ட் உருவாகும் இடம் வந்துவிடும். அங்கே பிரேக்பாயிண்ட் (ஓடும் புரோகிராமை நிறுத்தும் குறி) வையுங்கள். அந்த ஒரு நாளுக்கு மட்டும் நிற்கும்படி நிபந்தனை கொடுங்கள், இல்லாவிட்டால் ரிப்போர்ட்டின் ஒவ்வொரு வரிக்கும் நின்று உயிரை எடுக்கும். நின்றதும் கால் ஸ்டாக்கில் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியலில்) படிப்படியாகப் பின்னால் போய், மதிப்பு எங்கே கெட்டது என்று பாருங்கள்.

இப்படி ஒரு மதிப்பைப் பாதிக்கும் கோடை மட்டும் பின்தொடர்வதற்கு ஸ்லைசிங் என்று பெயர். பக் தேடும்போது புரோகிராமர்கள் மனசுக்குள் இதைத்தான் செய்கிறார்கள் என்று கணினி ஆய்வாளர் மார்க் வைசர் 1982-லேயே எழுதியிருக்கிறார்.

இரவாந்தை:
முன்பு சரியாக வந்துகொண்டிருந்ததா? அப்படியென்றால் கோடைப் படிக்கவே வேண்டாம், கிட் பைசெக்ட் போடுங்கள். அது கமிட்களை (கோடில் பதிவான மாற்றங்களை) பாதி பாதியாகப் பிரித்துத் தேடும். 1,000 கமிட் இருந்தாலும் ஏறக்குறைய 10 சோதனையில் கெடுத்த கமிட்டைப் பிடித்துவிடலாம். பில்ட் ஆகாத (ஓடும் புரோகிராமாக மாறாத) கமிட் வந்தால் ஸ்கிப் கொடுத்துத் தாண்டுங்கள்.

புதுவரவு:
கிடைத்துவிட்டது! டேட்டாபேஸில் நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) சரியாகவே இருக்கிறது. ஆனால் பிரேக்பாயிண்டில் நிற்கும்போதே நாளின் கூட்டுத்தொகை தவறு. அதற்கு முன்னால் இருப்பது டேட்டாபேஸிலிருந்து விவரம் எடுக்கும் ஒரே ஒரு எஸ்க்யூஎல் குவெரி. யூடிசி நேரத்தை வைத்தே குரூப் பை செய்கிறது (நாள்வாரியாகத் தொகுக்கிறது), உள்ளூர் நேரமாக மாற்றுவது அதற்குப் பிறகுதான். நான் குடைந்த ஃபங்ஷன் எதற்கும் இதில் பங்கில்லை. குவெரி முதல் கமிட்டிலிருந்தே இப்படித்தான், அதனால் பைசெக்ட் கைகொடுத்திருக்காது.

வரிக்குதிரை:
சரி, திருத்துவதற்கு முன் அதே குரூப் பை வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று ஒரு கிரெப் (ஃபைல்களில் சொல் தேடும் கட்டளை) போடுங்கள். மாதாந்திர ரிப்போர்ட்டிலும் இருந்தால், 1-ஆம் தேதி அதிகாலை விற்பனை போன மாதக் கணக்கில் போயிருக்கும்.