மோடத்துக்கு ஃபர்ம்வேர் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் கை தூக்குங்க

பாலக்கோடு, ஜெராக்ஸ் கடை

முதல் கை என்னுடையது. (ஃபர்ம்வேர் என்றால் மோடத்துக்கு உள்ளேயே இருந்து அதை ஓட்டுகிற மென்பொருள்.)

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடை. ஜெராக்ஸ், பட்டா சிட்டா எடுத்துத் தருவது, கரண்ட் பில், வேலைக்கு விண்ணப்பம் போடுவது என்று ஓடுகிறது. ஃபைபர் லைன் இருக்கிறது, ஆனால் ரோட்டில் யாராவது பள்ளம் தோண்டினால் இரண்டு நாள் படுத்துவிடும். அதற்காக பென்டிரைவ் மாதிரி செருகும் 4ஜி டாங்கிள் ஒன்று வைத்திருக்கிறேன்.

அந்த டாங்கிள் அரை மணிக்கு ஒரு தரம் மக்கர் செய்தது. செருகினபடியே இருக்கும், திடீரென்று விண்டோஸில் 'டொங்' என்று சத்தம், லைட் அணையும், பிறகு தானாகவே பச்சையில் மின்னும். பாதி நிரப்பின விண்ணப்பம் போயே போச்சு. பக்கத்துக் கடைத் தம்பி பார்த்துவிட்டு, "ஃபர்ம்வேர் பழசுண்ணா, புதுசு போட்டா சரியாயிடும்" என்றான். சரி என்று உட்கார்ந்தேன். மறுநாள் பிளஸ் டூ ரிசல்ட். அன்றைக்குத்தான் எனக்கு இந்த ஞானோதயம்.

மாடல் நம்பரை அடித்துத் தேடினேன். ஏதோ ஒரு சைட்டில் அதே நம்பர் போட்ட ஃபைல் கிடைத்தது. டாங்கிள் முதுகில் இருக்கிற ஸ்டிக்கரைப் பார்த்திருக்கலாம். பார்க்க முடியாது, ஏனென்றால் சிம் நம்பர் மறந்துபோகிறது என்று ஒரு வெள்ளைச் சீட்டில் எழுதி, செல்லோடேப் போட்டு நானேதான் அதன்மேல் ஒட்டி வைத்திருந்தேன். மாடல் நம்பரின் கடைசி எழுத்து அந்தச் சீட்டுக்கு அடியில்.

ஃபைலை ஓட்டினேன். டாங்கிளைக் கண்டுபிடித்தது, பச்சைக் கோடு நகர்ந்தது, அறுபது சதவீதம் தாண்டி நின்றது. பிறகு ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. பிடுங்கிச் செருகினேன். லைட்டே இல்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு 'தெரியாத சாதனம்' என்று வந்தது. சீட்டை உரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஃபைல் வேறு எழுத்துக்காரனுக்கானது.

மறுநாள் கடைவாசலில் பிள்ளைகளும் அப்பா அம்மாக்களும் நிற்க, என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுச் சமாளித்தேன். நடுவில் நாலு கால் வேறு. அடுத்த வாரம் டாங்கிளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு சர்வீஸ் கடையில் உயிர் வந்தது. அந்த அண்ணாவும் இந்தக் குழுவில் இருக்கிறார், மீதியை அவரே சொல்லட்டும். உங்களில் யாருக்கு என்ன நடந்தது என்றும் சொல்லுங்க.

கிருஷ்ணகிரி, மொபைல் சர்வீஸ்

தம்பி பாதியை மறைத்துவிட்டார். அவர் டாங்கிள் அறுந்து அறுந்து போனதற்கு ஃபர்ம்வேர் காரணமே இல்லை. சிபியூவின் முன்பக்க போர்ட்டில், அதுவும் ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு ஒயரில் மாட்டியிருக்கிறார். சிக்னல் மங்கலான இடத்தில் டாங்கிள் டவரோடு பேச அதிகக் கரண்ட் இழுக்கும். பழைய யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர். மெல்லிசு ஒயரில் அதிலும் வோல்டேஜ் இறங்கினால் டாங்கிள் அணைந்து எழுந்திருக்கும். அந்த 'டொங்' சத்தம் அதுதான். சிம் போய்விட்டு வந்தால் அந்தச் சத்தம் வராது, யூஎஸ்பியே போய்விட்டு வந்தால்தான் வரும். பின்பக்க போர்ட்டில் நேரடியாகச் செருகச் சொன்னேன். இப்போது ஓடுகிறதா இல்லையா என்று அவரையே கேளுங்க.

ஆக, வேண்டாத அப்டேட், தவறான ஃபைல். என் மேசைக்கு வருகிற செத்த மோடங்களில் பெரும்பாலும் இந்த ஜோடிதான்.

கடைசி எழுத்து விஷயத்துக்கு ஓர் உதாரணம். ஹுவாவே இ3372 என்று பேர்போன டாங்கிள் ஒன்று உண்டு. அதில் எச் என்றும் எஸ் என்றும் இரண்டு. கையில் வைத்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். உள்ளே வேறு வேறு, ஒன்றின் ஃபர்ம்வேரை இன்னொன்றில் போடக்கூடாது. அது போதாதென்று 21-ல் தொடங்கும் பதிப்பு பழைய ஸ்டிக் முறை, 22-ல் தொடங்குவது ஹைலிங்க் முறை. ஹைலிங்க் என்றால் கம்ப்யூட்டருக்கு அது ஒரு நெட்வொர்க் கார்டு மாதிரி தெரியும், பிரவுசரில் 192.168.8.1 அடித்தால் அதன் பக்கம் திறக்கும். அந்தப் பக்கத்துக்கான வெப் யூஐ ஃபைலும் தனி. 22-ஐப் போட்டுவிட்டு வெப் யூஐ போடாமல் "பக்கம் திறக்கலை, மோடம் போச்சு" என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். போகவில்லை, பாதி வேலை பாக்கி, அவ்வளவுதான்.

பாதியில் நின்றால் ஏன் சாகிறது என்றால், பழையதை அழித்த இடத்தில்தான் புதியதை எழுதுகிறது. எழுந்திருக்க உதவும் பூட்லோடர் தப்பியிருந்தால் சுலபமாக மீட்கலாம். டாங்கிள்களில் பல அப்டேட் ஃபைல்கள் அதையும் சேர்த்தே மாற்றி எழுதும், வம்பு அங்கேதான். தம்பியுடையதில் மூடியைக் கழற்றி, போர்டில் ஒரு சின்னப் புள்ளியை ஊசியால் கிரவுண்டோடு தொட்டபடியே யூஎஸ்பியில் செருகினேன். அப்படிச் செருகினால் சிப் தன் சொந்த ரோமிலிருந்து (உள்ளேயே இருக்கும் அழிக்க முடியாத நினைவகம்) எழுந்து "என்ன எழுதணும், சொல்லு" என்று காத்திருக்கும். புள்ளி தவறினால் போர்டு போகும். வீட்டில் குண்டூசியை வைத்து முயலாதீர்கள். வீடியோவில் பார்க்க ரொம்பச் சுலபமாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. மீட்கும்போது வேறொரு மோடத்தின் முழு நகலை அப்படியே எழுதிவிட்டால் ஐஎம்இஐ (ஒவ்வொரு கருவிக்கும் உரிய தனி அடையாள எண்), ரேடியோ அளவீடுகள் எல்லாம் அடுத்தவனுடையது ஆகிவிடும். சிக்னல் கெடும், ஐஎம்இஐயை மாற்றுவது சட்டப்படி குற்றமும்கூட. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் மூன்று வருடம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். "ஐஎம்இஐ மாத்தித் தரீங்களா" என்று கேட்டு வருகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். வேலை முடிந்து வாங்கும்போது ஸ்டிக்கரில் இருக்கிற 15 இலக்கமும் மோடம் பக்கத்தில் காட்டுகிற 15 இலக்கமும் ஒன்றா என்று நீங்களே பாருங்க.

போச்சம்பள்ளி, மாந்தோப்பு

நான் மாட்டிக்கொள்ளவில்லை, மயிரிழையில் தப்பினேன்.

தோப்பில் பெங்களூரா மரங்கள். காய் திரளும் நேரத்தில் திருட்டு இருப்பதால் மோட்டார் கொட்டகையில் ஒரு சிம் போடுகிற ரவுட்டரும் மூன்று கேமராவும் வைத்திருக்கிறேன். ரவுட்டர் பக்கத்தில் 'புதிய பதிப்பு உள்ளது' என்று வந்தது. அன்றைக்கே செய்யவில்லை. கொட்டகையில் மோட்டார் எடுக்கும்போது பல்பு ஒரு நொடி மங்கும். அந்த ஒரு நொடி போதும் என்று என் மருமகன் எச்சரித்திருந்தான். அதனால் ஸ்டார்ட்டரை ஆஃப் செய்து, ஆட்டோ ஸ்டார்ட்டரின் ஒயரையும் கழற்றிவிட்டு (இதைத்தான் பல பேர் மறப்பார்கள், மூன்று ஃபேஸ் வந்ததும் அது தானாக மோட்டாரை எடுத்துவிடும்), ரவுட்டருக்கு என்று விற்கிற சின்ன யூபிஎஸ்ஸில் மாட்டினேன். லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில் லேன் ஒயர்.

கோடு ஓடியது. தொண்ணூற்றுச் சொச்சத்தில் நின்றது. மூன்று நிமிடம் நகரவில்லை. பிரவுசரில் 'பக்கம் கிடைக்கவில்லை'. ரவுட்டரில் ஒரே ஒரு லைட் மட்டும் மெதுவாகத் துடிக்கிறது. கை தானாக சுவிட்சுக்குப் போனது. மருமகனுக்குப் போன் போட்டேன். "மாமா, கையை எடுங்க. திண்ணையில போய் ஒரு பீடி பிடிச்சிட்டு வாங்க" என்றான். நான் பீடியை விட்டு ஆறு வருடம் ஆகிறது, அது அவனுக்கும் தெரியும். திண்ணையில் உட்கார்ந்தேன். திரும்பி வந்தபோது எல்லா லைட்டும் எரிந்துகொண்டிருந்தன.

ஓசூர், ஐடி வேலை

மாமாவை அன்றைக்குக் காப்பாற்றியது பீடி. நிறைய ரவுட்டர்களில் அந்தச் சதவீதக் கோடு வெறும் கடிகாரம். இத்தனை நொடி ஆகும் என்று கணக்குப் போட்டு பிரவுசர் தானே வரைகிறது. ரவுட்டர் உள்ளே அணைந்து எழும்போது பிரவுசருக்குத் தொடர்பு அறுந்துவிடும், அதனால் பக்கம் செத்த மாதிரி தெரியும். கோட்டை நம்பாமல் லைட்டைப் பாருங்க. பத்து நிமிடமாவது தொடக்கூடாது.

ரவுட்டர்களில் கடைசி எழுத்துக்குப் பதில் வெர்ஷன் நம்பர். டிபி-லிங்க் எம்ஆர்6400 என்று ஒரே பெயரில் வி1, வி2, வி3 என வரிசையாக வந்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஃபைல் தனி. ஸ்டிக்கரில் 'வெர்' என்று பொடி எழுத்தில் இருக்கும். எந்த நாட்டுக்கு விற்றது என்பதும் முக்கியம். ஃபைலைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் எடுங்க. அங்கே சரிபார்ப்பு எண் கொடுத்திருந்தால் இறக்கிய ஃபைலோடு ஒப்பிட்டுப் பாருங்க. இறக்கும்போதே பாதியில் அறுந்த ஃபைல் என்றால் அதில் தெரிந்துவிடும். ஜிப் என்றால் விரித்து உள்ளே இருக்கிற, '.bin' என்று முடியும் ஃபைலைத்தான் கொடுக்க வேண்டும். ஆபரேட்டர் பெயர் அச்சடித்து விற்ற மோடம் என்றால் பொதுவான ஃபைலைப் போடாதீர்கள், அதற்கான அப்டேட் ஆபரேட்டர் வழியாகத்தான் வரும்.

ஒரே ஒரு இடத்தில் சர்வீஸ் அண்ணாவோடு முரண்படுகிறேன். நன்றாக ஓடுகிறதே என்று அப்டேட்டே வேண்டாம் என்று விடுவதும் சரியில்லை. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க வரும் பதிப்புகளைப் போட்டுத்தான் ஆக வேண்டும், அதுவும் கேமரா மாட்டின ரவுட்டரில். பதிப்பில் என்ன மாறியது என்று ஒரு குறிப்பு இருக்கும், அதை வாசித்துவிட்டு முடிவெடுங்க.

பென்னாகரம், ஓய்வுபெற்ற ஆசிரியர்

என்னிடம் இருப்பது பேட்டரி போட்ட வைஃபை டப்பா. அப்டேட் கொடுத்தால் 'பேட்டரி போதாது' என்று மறுத்துக்கொண்டே இருந்தது. முழு ராத்திரி சார்ஜ் போட்டும் அதே பதில். பின்மூடியைத் திறந்தேன். பேட்டரி ராகிக்களி உருண்டை மாதிரி உப்பியிருந்தது. அப்படியே ஒரு மண்சட்டியில் போட்டு வெளியே வைத்துவிட்டு, தர்மபுரியில் புதுப் பேட்டரி வாங்கினேன். அப்டேட் மறுக்காமல் போயிருந்தால் நான் மூடியைத் திறந்தே பார்த்திருக்க மாட்டேன்.

தளி

எனக்கு மோடம் சாகவில்லை, குணம் மாறிவிட்டது. ராத்திரியில் தானாக அப்டேட் ஆகி, காலையில் எல்லா செட்டிங்கும் ஆரம்ப நிலைக்குப் போயிருந்தது. ஏபிஎன் (சிம் நெட்டோடு சேர மோடத்தில் போடுகிற பெயர்) காலி. அதைப் போட்டும் வேகம் இல்லை. எங்கள் ஊர் கர்நாடக எல்லை, மோடம் சும்மா விட்டால் தூரத்து டவரைப் பிடித்துக்கொண்டு முக்கும். அதற்காக எந்த பேண்டு (அலைவரிசை), என்ன அமைப்பு என்று இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். எல்லாம் என் மண்டையில்தான் இருந்தது, மண்டையும் மறந்துவிட்டது. இப்போது தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு செட்டிங் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். பேக்கப் ஃபைல் எடுக்கலாமே என்பீர்கள். எடுத்தேன், புதுப் பதிப்பு அதை ஏற்கவில்லை.

அரூர், கல்லூரி மாணவி

என் கேள்வி ஒன்று. சொந்த ஊர் சித்தேரி மலைப் பக்கம். அங்கே போனில் பிஎஸ்என்எல் 4ஜி எடுக்கிறது, ஆனால் அண்ணன் கொடுத்த பழைய டாங்கிளில் அதே சிம்மைப் போட்டால் சிக்னலே காட்டவில்லை. ஃபர்ம்வேர் மாற்றினால் எடுக்குமா அண்ணா?

கிருஷ்ணகிரி, மொபைல் சர்வீஸ்

பெரும்பாலும் எடுக்காதும்மா. பிஎஸ்என்எல் 4ஜி 700 மெகாஹெர்ட்ஸிலும் 2100-லும் வருகிறது. மலைப்பக்கம் தூரமாகப் பாய்வது 700, அதற்குப் பெயர் பேண்டு 28. இங்கே விற்ற பழைய டாங்கிள்களில் பல 1800, 2300 பேண்டுகளுக்காக வந்தவை. பேண்டு 28-க்கான ஃபில்டரும் ஆம்ப்ளிஃபயரும் போர்டிலேயே இல்லையென்றால் எந்த ஃபைல் போட்டும் பிரயோஜனம் இல்லை. முதலில் அந்த மாடலின் விவரக்குறிப்பில் எல்டிஇ (4ஜி) பேண்டு வரிசையில் 28 இருக்கிறதா பார். இருந்தும் எடுக்கவில்லை என்றால் ஏபிஎன்னில் 'பிஎஸ்என்எல்நெட்' என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் போட்டுப் பார்.

பாலக்கோடு, ஜெராக்ஸ் கடை

பின்பக்க போர்ட்டில்தான் ஓடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். டொங் சத்தம் இல்லை. அண்ணா, பக்கத்துக் கடைத் தம்பி இப்போது தன் ரவுட்டருக்கு அப்டேட் போடப் போகிறானாம்.

கிருஷ்ணகிரி, மொபைல் சர்வீஸ்

ஸ்டிக்கரைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்க. அதுவரை அந்தக் கம்ப்யூட்டர் பக்கம் விடாதீங்க.