கேஸ் இல்லாத ஃப்ளக்ஸ் கோர் வெல்டிங்: ஒட்டு பரவாமல் குவிந்து நிற்கிறது, கையில் பிழையா மெஷினில் பிழையா?

தெமட்டகொட_வாசல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்கு ஒரு சின்ன கேட்டும் மாடிப்படிக்குக் கைப்பிடியும் நானே செய்யலாம் என்று இன்வெர்ட்டர் மிக் மெஷின் (சுருளிலிருந்து வயர் தானாக வந்து உருகி ஒட்டுகிற வெல்டிங் மெஷின்) ஒன்று வாங்கினேன். உருகிய இரும்பில் காற்றுப் படாமல் காக்கிற கேஸோடும் பாவிக்கலாம், கேஸ் இல்லாமலும் பாவிக்கலாம் என்கிற வகை. என்னிடம் சிலிண்டர் இல்லை, அதனால் உள்ளே ஃப்ளக்ஸ் மருந்து அடைத்த 0.8 மில்லிமீற்றர் ஃப்ளக்ஸ் கோர் வயர்தான் போட்டிருக்கிறேன், பெட்டியில் இ71டி-ஜிஎஸ் என்று இருக்கிறது.

பழகுவதற்காக பழைய சோனகத் தெருவில் வெட்டி மிஞ்சிய 3 மில்லிமீற்றர் பட்டை இரும்புத் துண்டுகளை எடுத்துவந்து கோடு கோடாகப் போட்டுப் பார்க்கிறேன். ஒட்டு இரண்டு பக்கமும் பரவிப் பிடிக்காமல் கயிற்றை எடுத்து மேலே வைத்த மாதிரி குவிந்து நிற்கிறது. பக்கத்தில் எல்லாம் குண்டு குண்டாகப் பொறி ஒட்டிக்கொள்கிறது, உளி வைத்துத் தட்டினால்தான் போகிறது. ஒட்டின் மேல் படிகிற கசடை, அதாவது ஸ்லாக்கைத் தட்டி எடுத்தால் சில இடங்களில் ஊசித் துளைகள். சத்தமும் சீராக இல்லை, டப் டப் என்று வெடிக்கிறது. வீடியோக்களில் பார்த்தபடி, வயர் வெளிவருகிற டோர்ச்சை முன்பக்கமாகத் தள்ளிக்கொண்டுதான் போகிறேன்.

கேட்டுக்கு எடுத்து வைத்திருப்பது 1.5 மில்லிமீற்றர் ஜீ.ஐ. பொக்ஸ் பார். விலை கொடுத்து வாங்கிய சாமான், அதில் கை வைக்க முதல் ஒட்டு ஒழுங்காக வரவேண்டும். கையைப் பழக்கினால் சரியாகிவிடுமா, இல்லை மெஷினில் ஏதாவது மாற்ற வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டறை_வாசம் எழுதியது:

தம்பி, கையை விடுங்கள், முதலில் மெஷினின் மூடியைத் திறந்து பாருங்கள். நீங்கள் சொல்கிற மூன்றும், அதாவது குவிந்த ஒட்டு, குண்டுப் பொறி, டப் டப் சத்தம், சேர்ந்து வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது பொலாரிட்டியைத்தான், அதாவது பிளஸ் மைனஸ் எந்தப் பக்கம் மாட்டியிருக்கிறது என்பதை. இரண்டு வகைக்கும் ஓடும் மெஷின்கள் பெரும்பாலும் கேஸ் வயருக்கு ஏற்றபடி, டோர்ச் பிளஸ்ஸில் மாட்டித்தான் வரும். கேஸ் இல்லாத ஃப்ளக்ஸ் கோருக்கு அது தலைகீழ்: டோர்ச் மைனஸ், எர்த் கிளாம்ப் பிளஸ். உங்கள் ஜிஎஸ் வயருக்கும் சரி, கேஸ் இல்லாத இன்னொரு வகையான இ71டி-11 வயருக்கும் சரி, உள்ளே இருக்கிற மருந்தே அந்தப் பக்கத்துக்கென்று செய்ததுதான். பிளக்கைக் கழற்றிவிட்டு, வயர் சுருள் இருக்கிற அறைக்குள்ளோ முன்பக்கத்திலோ இரண்டு முனைகள் இருக்கும், அவற்றை மாற்றி மாட்டுங்கள். (மலிவான சில மெஷின்களில் மாற்றவே வழி இருக்காது, சிலது ஏ.சி. கரண்ட்டே தரும். உங்களுடையது கேஸ் வகையும் ஓடும் என்பதால் கட்டாயம் மாற்றலாம்.)

அடுத்தது தள்ளுவது. ஸ்லாக் வரும் எந்த ஒட்டையும் இழுத்துத்தான் போட வேண்டும், ரொட் வெல்டிங் என்றாலும் இதுதான். நீங்கள் பார்த்த வீடியோ கேஸ் மிக்காக இருக்கும், அதில் தள்ளலாம். இதில் தள்ளினால் ஸ்லாக் முன்னால் ஓடி உருகிய இரும்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். டோர்ச்சின் வாய் ஏற்கெனவே போட்ட ஒட்டைப் பார்த்தபடி 10 முதல் 15 பாகை சரிந்திருக்க, உங்கள் கை பின்னுக்குப் போக வேண்டும்.

மூன்றாவதை யாரும் சொல்லித் தருவதில்லை. டோர்ச் நுனியில் வயர் வெளிவருகிற துண்டான கொன்டெக்ட் டிப்புக்கு வெளியே எவ்வளவு வயர் நிற்கிறது? கேஸ் மிக்கில் 6 முதல் 10 மில்லிமீற்றர் போதும், அந்தப் பழக்கத்தில் எல்லோரும் இதிலும் டோர்ச்சை ஒட்டிக்கொண்டு போவார்கள். 0.8 ஃப்ளக்ஸ் கோருக்கு 12 முதல் 15 வரை வேண்டும். வெளியே நிற்கிற அந்தத் துண்டு சூடாகித்தான் உள்ளிருக்கும் மருந்து வேலைக்குத் தயாராகிறது. மிகவும் கிட்டப் போனால் துளை விழும், டிப்பிலும் பொறி அப்பும். கை மேலும் கீழும் போனால் அம்பியரும் கூடிக் குறையும், ஒட்டின் அகலமும் கூடிக் குறையும். அதனால் இரண்டு கையாலும் பிடியுங்கள், ஒரு முழங்கையை மேசையில் ஊன்றுங்கள், கரண்ட் போட முதல் முழு நீளத்துக்கும் ஒருமுறை வெறுமனே இழுத்துப் பாருங்கள், நடுவில் கை எங்கேயாவது முட்டுகிறதா என்று. டோர்ச்சின் முன்னால் இருக்கிற கேஸ் நொசிலையும் கழற்றிவிடலாம், இதற்கு அது தேவையில்லை, கண்ணுக்கு இடம் கிடைக்கும். டிப் மட்டும் இரும்பில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதியவர்கள் எரிகிற வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு போவார்கள். பார்க்க வேண்டியது அதற்குச் சற்றுப் பின்னால் பளபளவென்று உருகி நிற்கிற இரும்பை. அதன் இரண்டு ஓரமும் தகட்டில் ஈரமாகப் பரவிப் பிடிக்கிறதா என்று பாருங்கள், பிடித்த பிறகுதான் நகர வேண்டும். அதற்கும் பின்னால் கொஞ்சம் மங்கலாக இறுகிக்கொண்டு வருவது ஸ்லாக், அது உருகிய இரும்பை முந்தக்கூடாது. முந்துகிறது என்றால் நீங்கள் மெதுவாகப் போகிறீர்கள், அல்லது டோர்ச் அளவுக்கு மேல் சரிந்திருக்கிறது. ஒன்றுமே தெரியவில்லை என்றால் ஹெல்மெட் கண்ணாடியின் இருட்டு அளவு, அதாவது ஷேட் எத்தனை என்று பாருங்கள், இந்த அளவு வேலைக்கு 10 போதும். வேலை மேல் ஒரு பிரகாசமான லைட்டையும் திருப்பி வையுங்கள். நாற்பது தாண்டியவர்கள் வாசிக்கிற கண்ணாடியை உள்ளே போட்டுக்கொண்டு பிடித்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

கொட்டாஞ்சேனை_கராஜ் எழுதியது:

மேலே அண்ணன் சொன்னது எல்லாம் சரி, பொலாரிட்டியை மாற்றின பிறகும் சத்தம் வெடித்தால் இதைப் பாருங்கள். வயரைத் தள்ளுகிற சில்லில் பல்லு வெட்டின பள்ளம் இருக்க வேண்டும், வழுவழுப்பான பள்ளம் கேஸ் வயருக்கு. ஃப்ளக்ஸ் கோர் உள்ளே வெறும் குழாய், அதற்குள்தான் மருந்துத் தூள். வழுக்குகிறதே என்று திருகை இறுக்கிக்கொண்டே போனால் குழாய் நசுங்கிப் போகும், அப்புறம் டிப்புக்குள் சிக்கிச் சிக்கித்தான் வரும். ஒரு பலகைத் துண்டில் வயரை முட்ட விட்டு, வழுக்காமல் வளைந்து வருகிற அளவுக்கு மட்டும் இறுக்கினால் போதும். டோர்ச் கேபிளைச் சுருட்டி வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள்.

செட்டிங் என்றால், மூடிக்குள் ஒட்டியிருக்கிற அட்டவணைப்படி வோல்ட்டேஜை வைத்துவிட்டு அதைத் தொடாதீர்கள், வயர் வேகத்தை மட்டும் கூட்டிக் குறையுங்கள். வேகம் கூடினால் வயர் இரும்பில் குத்தி கையைப் பின்னுக்குத் தள்ளும், குறைந்தால் டிப் வரைக்கும் எரிந்து ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஓர் இடத்தில் ஒரே சீராகப் பொரிகிற சத்தம் வரும், காது உடனே கண்டுபிடித்துவிடும். வோல்ட்டேஜ் அளவுக்கு மேல் கூடினாலும் துளை விழும், அதையும் மறக்க வேண்டாம்.

கரண்ட்டையும் பாருங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் மெஷினைப் போட்டால் வோல்ட்டேஜ் இறங்கி ஒட்டு குளிர்ந்துதான் வரும். 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், முடிந்த அளவு கட்டையாக, சுருளை முழுவதும் அவிழ்த்துவிட்டுப் பாவியுங்கள். எர்த் கிளாம்ப் பிடிக்கிற இடத்தில் பெயின்ட்டும் துருவும் இருக்கக்கூடாது. ஒட்டுப் போடுகிற இடமும் அப்படித்தான், கிரைண்டரால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்துவிடுங்கள். ஃப்ளக்ஸ் கோர் அழுக்கைத் தாங்கும் என்று சொல்வார்கள், கொஞ்சம் தாங்கும்தான், ஆனால் பழகுகிற நேரத்தில் துளை எதனால் வந்தது என்றே கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும். சுத்தம் செய்ய பிரேக் கிளீனர் அடிக்க வேண்டாம், குளோரின் உள்ளதாக இருந்தால் ஒட்டுச் சூட்டில் நச்சு வாயு வரும்.

இன்னொன்று, இது கொழும்பு. வேலை முடிந்ததும் வயர் சுருளைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு இறுக்க மூடிய பையில் வையுங்கள். கடற்காற்று படுகிற பக்கமென்றால் மெஷினுக்குள்ளேயே விட்ட வயர் மழைக்காலம் முடிய முதல் துரு பிடித்துவிடும், துருவும் ஈரமும் ஏறின வயரில் எந்தக் கைக்காரர் போட்டாலும் துளை விழும்.

கடற்கரை_வீதி எழுதியது:

யாரும் ஜீ.ஐ. என்கிற சொல்லைக் கவனிக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். அந்த பொக்ஸ் பாரின் மேல் பூசியிருப்பது நாகம், அதாவது துத்தநாகம். இரும்பு உருக கிட்டத்தட்ட 1500 பாகை செல்சியஸ் வேண்டும், நாகம் 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகும். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் சில மணி நேரம் கழித்து குளிர், காய்ச்சல், வாயில் உலோகச் சுவை என்று வரும், பெரும்பாலும் ஓரிரு நாளில் விட்டுவிடும், ஆனால் திரும்பத் திரும்பப் போய் வாங்கிக்கொள்ள வேண்டிய ஒன்றல்ல. பால் குடித்தால் சரி என்று பட்டறைகளில் சொல்வார்கள், பால் புகையைத் தடுக்காது. ஒட்டு வரும் இடத்தில் சுற்றிவர ஓர் அங்குலம் நாகத்தைத் தேய்த்து எடுங்கள், அப்போதும் பாருக்கு உள்பக்கம் நாகம் இருக்கும், எனவே திறந்த முற்றத்தில் வேலை செய்யுங்கள், புகைக்கான பில்டருள்ள மாஸ்க் போடுங்கள், பக்கத்திலிருந்து ஒரு பேன் ஓடட்டும். கேஸ் மிக்கில் பேன் போட்டால் கேஸ் பறந்துவிடும், இதில் மெதுவான காற்று பரவாயில்லை, அந்த ஒரு வசதியை நன்றாகப் பயன்படுத்துங்கள். வேலை முடிந்ததும் தேய்த்த இடத்துக்கு நாகம் கலந்த பெயின்ட் பூசாவிட்டால் துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

1.5 மில்லிமீற்றரில் 3 மில்லிமீற்றர் தகட்டில் போட்ட மாதிரி நீளமாக இழுக்க முடியாது, ஓட்டை விழும். இடைவெளி இல்லாமல் வெட்டிப் பொருத்துவதுதான் பாதி வேலை. நான்கு மூலையிலும் டாக் (பிடித்து நிற்க மட்டும் சின்னப் புள்ளி ஒட்டு) போட்டு, மூலைவிட்டம் இரண்டையும் டேப்பால் அளந்து சமமா என்று பார்த்து, பிறகு ஒரு பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று சின்னச் சின்னதாகப் போடுங்கள். ஒரே பக்கத்தை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனால் கேட் முறுக்கிக்கொள்ளும்.

தெமட்டகொட_வாசல் எழுதியது:

மூவருக்கும் பெரிய நன்றி. டோர்ச் பிளஸ்ஸில்தான் இருந்தது. மாற்றி மாட்டி, இழுத்துப் போட்டவுடனேயே சத்தம் மாறிவிட்டது, பொறியும் தூள் தூளாகத்தான் விழுகிறது, பிரஷ்ஷால் தேய்த்தாலே போகிறது. ஸ்லாக் நீளமாக ஒரே துண்டாகக் கழன்று வருகிறது, அதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஒட்டின் தொடக்கத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் குவிகிறது. வெளியே அழகாக இருந்தாலும் உள்ளே பிடித்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கைப்பிடியை நினைத்தால்தான் பயம், அம்மா அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார்.

பட்டறை_வாசம் எழுதியது:

நல்லது தம்பி. தொடக்கத்தில் இரும்பு குளிர்ந்திருப்பதால் குவியும். கோட்டின் முனையிலிருந்து கொஞ்சம் உள்ளே தொடங்கி, முனைக்குப் போய்த் திரும்பி வந்தால் அந்த இடம் மறுபடி உருகிவிடும். ஒவ்வொரு முறையும் தொடங்க முதல் வயர் நுனியில் இறுகிய உருண்டையை வெட்டிவிடுங்கள்.

உள்ளே பிடித்ததா என்று பார்க்க உடைத்துப் பார்ப்பதுதான் வழி. இரண்டு பட்டைத் துண்டுகளை டி எழுத்து மாதிரி நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் ஒட்டுங்கள், ஆறியபின் வைஸில் கடித்து, நிற்கிற துண்டை ஒட்டு இருக்கிற பக்கமாகச் சுத்தியலால் அடித்து மடக்குங்கள். மடங்கிப் படுத்தால் நல்லது. ஒட்டு அடியோடு கழன்று வந்தால், கீழ்த்தகட்டில் கிரைண்டர் கோடுகள் அப்படியே தெரிகின்றனவா என்று பாருங்கள், தெரிந்தால் அங்கே இரும்பு உருகவே இல்லை, மேலே உட்கார்ந்திருந்தது மட்டும்தான். அப்போது வோல்ட்டேஜையும் வேகத்தையும் சேர்த்து ஒரு படி கூட்டிப் போட்டுப் பாருங்கள்.

கைப்பிடிக்கு வருவோம். ஜிஎஸ் வயர் மெல்லிய தகட்டில் ஒரு சுற்று மட்டும் போடுவதற்கானது, ஒட்டின் மேல் ஒட்டு போடக்கூடாது. கேட்டின் பொக்ஸ் பாருக்கு அது போதும். கைப்பிடியில் ஆள் சாய்வார், அதனால் அந்தக் கால்களையும் தரைத் தகட்டையும் இ71டி-11 வயரில் போடுங்கள், அதில் ஒன்றுக்கு மேற்பட்ட சுற்றும் போடலாம். பெட்டியில் 7 என்று இருப்பது இழுவிசை, சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்ட். அடுத்து வரும் 1, எந்த நிலையிலும் போடலாம் என்பதற்கு.

நிமிர்ந்து நிற்கிற மூட்டில் மேலிருந்து கீழே இழுத்தால் வடிவாக வரும், மெல்லிய பொக்ஸ் பாருக்கு அப்படியே செய்யுங்கள், ஆனால் ஸ்லாக் முந்தாதபடி வேகமாக வர வேண்டும். தரைத் தகடு 5 மில்லிமீற்றர் என்றால் அதை நிறுத்தி வைத்துப் போட வேண்டாம், படுக்க வைத்துப் போட்டு முடித்துவிட்டு அப்புறம் படியில் பொருத்துங்கள். முதலில் அந்த டி துண்டுகளை உடைத்துப் படம் போடுங்கள், உடைந்த முகம் தெளிவாகத் தெரிகிற மாதிரி, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.