மறு: 'கேக் பாப்' – குச்சி கேக் என்றே வைக்கலாம்

நண்பர்களுக்கு வணக்கம். குச்சியில் செருகிச் சாக்லேட்டில் முக்கிய கேக் உருண்டையான 'கேக் பாப்'புக்கு நம் சொற்பட்டியலில் என்ன தமிழ்ப்பெயர் வைக்கலாம் என்ற பேச்சில், 'அணிச்சற்குமிழ்' என்ற பெயரை ஆதரித்தவரின் கேள்விக்கு இது என் பதில்.

> 'அணிச்சற்குமிழ்' சுருக்கமாகவும் தனித்தமிழாகவும் இருக்கிறதே?

ஐயா, கேக்கைக் குறிக்கும் அணிச்சல் என்ற சொல்லின் மேல் எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் வேலூர் லாங் பஜார் பக்கம் பேக்கரியில் போய்க் கேட்டால், கேக் என்றால்தான் எடுத்துத் தருவார்கள். மக்கன் பேடா அதே பெயரோடுதான் ஆற்காட்டுப் பலகாரம் ஆனது. யாரும் அதை மாற்றவில்லை. கேக்கும் அப்படியே இருக்கட்டும். நமக்குச் சொல் வேண்டியது 'பாப்' என்ற பாதிக்குத்தான்.

அந்தப் 'பாப்' லாலிபாப்பில் உள்ள பாப். வெடிப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதால் முந்தைய மடலில் வந்த 'வெடிகேக்' பொருந்தாது. லாலிபாப்பை நம் பிள்ளைகள் குச்சி மிட்டாய் என்கிறார்கள். குச்சி ஐஸும் அந்த வழியில் வந்ததே. குச்சி கேக் என்றால் விளக்கமே தேவைப்படாது. மடல்களில் வந்த இன்னொரு சொல்லான 'குச்சியுருண்டை'யை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்: எள்ளுருண்டை, பொரியுருண்டை என்னும்போது முன்னால் நிற்பது உருண்டை எதனால் ஆனது என்பதைச் சொல்கிறது. குச்சியுருண்டை என்றால் குச்சியை இடித்துப் பிடித்த உருண்டை என்றாகிவிடும்.

உருண்டை என்ற சொல்லை விட்டுவிடவும் வேண்டாம், செய்முறையில் அதற்கு இடம் இருக்கிறது. என் தங்கை சத்துவாச்சாரியில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். வைகாசி முகூர்த்தங்களுக்கு, முந்தின நாள் மாலை வரவேற்பில் வைக்க இதைத்தான் நிறைய கேட்கிறார்கள். கேக்கை உதிர்த்து, கொஞ்சமாகக் கிரீம் சேர்த்துப் பிசைந்து, எலுமிச்சை அளவுக்குப் பிடித்துக் குளிரவைக்கிறாள். கிரீம் கூடினால் உருண்டை கனத்துக் குச்சியோடு சறுக்கி இறங்கிவிடும். இந்த நிலை வரைக்கும் அது 'கேக் உருண்டை'. குச்சி நுனியை உருக்கிய சாக்லேட்டில் தொட்டு, உருண்டையின் பாதி வரை செருகுகிறாள். அது இறுகிப் பிடித்தபின் முழுதும் முக்கி, நேராகத் தூக்கி, மணிக்கட்டில் மெல்லத் தட்டுகிறாள். மிச்சம் வழிந்துவிட வேண்டும், இல்லையென்றால் அடியில் வளையம்போல் திரண்டுவிடும். ஈரம் காய்வதற்குள் நிறமணிகளைத் தூவ வேண்டும். பெண் உருண்டைக்குச் சிவப்பில் சரிகைக் கரை, மாப்பிள்ளை உருண்டைக்கு வெள்ளையில் வேட்டிக்கரை வரைகிறாள்.

ஆகவே 'டிப்பிங்' என்பதற்குத் தோய்த்தல், அமிழ்த்தல் எல்லாம் வேண்டாம். பஜ்ஜிக்குச் சொல்கிற 'முக்குதல்' போதும். 'ஸ்பிரிங்கிள்ஸ்' என்பதற்குத் 'தூவுமணி' என்பது என் முன்மொழிவு.

மேல் சாக்லேட்டுக்கு இரண்டு சொல் தேவை என்று நினைக்கிறேன். உருகியிருக்கும்போது அது பூச்சு, இறுகியபின் ஓடு. உருண்டை அளவுக்கு மீறிக் குளிர்ந்திருக்க, பூச்சு சூடாக இருந்தால், உருண்டை பிறகு அறைச்சூட்டுக்கு வந்து விரியும்போது மேலே பிளந்துவிடும். தங்கை அதை 'ஓடு விட்டுடுச்சு' என்கிறாள். இந்த வழக்கை அப்படியே பதிவு செய்வோம். கொக்கோ வெண்ணெய் சுமார் 34 பாகையில் உருகும். கத்திரி வெயிலில் வேலூர் 40ஐத் தாண்டும்போது அசல் சாக்லேட் ஓடு மண்டபத்தில் நிற்காது. தாவரக் கொழுப்பு சேர்த்த கலவையைத்தான் அவள் பயன்படுத்துகிறாள். கடையில் அதன் பெயர் 'காம்பவுண்ட்'. அதற்குக் 'கலப்புச் சாக்லேட்' என்றால் கலப்படம் என்று தோன்றிவிடும், எனவே 'பூச்சுச் சாக்லேட்' என்கிறேன்.

குச்சிகளைக் குத்தி நிறுத்தும் 'ஸ்டாண்ட்' என்பதற்குக் 'குத்துப்பலகை' என்று எழுதியிருந்தவருக்கு என் முழு ஆதரவு. 2022 ஜூலை 1 முதல் மிட்டாய்க்கான பிளாஸ்டிக் குச்சியும் அலங்காரத் தெர்மோகோலும் நாடு முழுக்கத் தடையானபின், துளையிட்ட மரப்பலகையே வழக்கில் நிற்கப்போகிறது. வாசலில் கட்டும் வாழைமரத்தின் தண்டைத் துண்டுபோட்டு, அதில் குத்திவைப்பதும் அழகாக இருக்கிறது. மூங்கில் குச்சிக்கு அது சரி, காகிதக் குச்சி ஊறிப்போகும்.

சொற்பட்டியலுக்கு என் பரிந்துரை: குச்சி கேக் – உதிர்த்த கேக்கைக் கிரீமுடன் பிசைந்து உருட்டி, குச்சி செருகி, சாக்லேட் பூச்சில் முக்கி அலங்கரித்த இனிப்பு. குச்சி இல்லாதது கேக் உருண்டை.

ஒன்று மீதமிருக்கிறது. உருட்டாமல், குச்சி ஐஸ் அச்சில் அழுத்தித் தட்டையாக எடுக்கும் வகையும் இப்போது விற்கிறது. 'அச்சுக் குச்சி கேக்' நீளமாகப் படுகிறது. இதைவிடக் குறுகிய சொல் தோன்றினால் எழுதுங்கள்.